ஆறு சொல் பின்னால்

ஜானகிராமனின் கை அவருடைய காதுக்கு ஆறு சொல் பின்னால் வரும். செங்கல்பட்டு ஏரிக்கரைத் தந்தி அலுவலகத்தில் அவரைப் பற்றி முதலில் சொல்லப்படும் சேதி அதுதான்.

தந்தி வேலை தெரியாதவர்களுக்காக: சவுண்டர் என்று ஒரு சின்னப் பித்தளைக் கருவி, கம்பி வழியே வரும் எழுத்துகளை டக் டக்கென்று அடித்துக்கொண்டே போகும். புதிதாகச் சேர்ந்தவன் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதுவான். கை பழகியவன் அப்படி எழுத மாட்டான். காது ஏழாவது சொல்லைக் கேட்கும்போது பென்சில் முதல் சொல்லை எழுதிக்கொண்டிருக்கும். இடையில் உள்ள சொற்கள் தலைக்குள் வரிசையில் நிற்கும். புதிது உள்ளே வர, பழையது கை வழியாக வெளியேறும். இதற்குப் ‘பின்னால் எழுதுவது’ என்று பேர். இரண்டு சொல் பின்னால் எழுதினால் வேலை ஓடும். நாலு என்றால் கெட்டிக்காரன். ஆறு எழுதியவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். எழுதிக்கொண்டே கவுன்ட்டரில் நிற்பவருக்குப் பதிலும் சொல்லுவார்.

ஊர் உத்திரமேரூர். 1947-இல் தந்தியில் சேர்ந்தார். மனைவி கல்யாணி 1971-இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மகள் சகுந்தலா எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். காலையில் மையத்தின் பஸ் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இருவருமே வீட்டில் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

1976 மே மாதம், பஸ் நிலையத்தில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் ஆஸ்பத்திரி. மூளையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துத் திறந்திருக்கிறது என்றார் டாக்டர். கை சரியாக இருந்தது, பேச்சு சரியாக இருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி முதல் தந்தி எடுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தலைக்குள் ஒரு சொல்தான் நின்றது. இரண்டாவது வந்ததும் முதலாவது விழுந்தது.

காதில் விழாமல் போனால், சேதி அனுப்பத் தட்டும் கட்டையான கீயைத் தட்டி லைனை நிறுத்தலாம், திரும்ப அனுப்பச் சொல்லலாம். அதில் தவறில்லை. ஆனால் இருபத்தொன்பது வருஷத்தில் மாதம் ஒருமுறை கேட்டவர் இப்போது ஒரு மணி நேரத்துக்குள் பத்துமுறை கேட்டார். மறுமுனையில் இருந்த சென்னைக்காரன் கம்பியிலேயே கேலி அடித்தான்: ‘அண்ணாத்த, காதுல இன்னா பஞ்சா?’ அதையும் இரண்டு தரம் அடித்த பிறகுதான் அவரால் எழுத முடிந்தது. தந்தி மாஸ்டர் பார்த்தசாரதி, கூடவே பயிற்சி பெற்றவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்:

“என்னய்யா ஜானகி, நிறுத்தி நிறுத்தி ஓட்டறே. டவுன் பஸ்ஸா?”

ஜானகிராமன் சிரித்துவைத்தார். வருஷா வருஷம் ஜனவரியில் வேகப் பரிசோதனைக்கு ஓர் அதிகாரி வருவார். தேறாதவர் கீயை விட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்து வேறு நாற்காலிக்குப் போகலாம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவன் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து அவர் வேறு எதுவாகவும் இருந்ததில்லை.

மகளிடம் மட்டும் சொன்னார். சகுந்தலா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு கருவி கோளாறு செய்தால் முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்றாள். அளக்க ஒரு முறையையும் அவளே வகுத்தாள்.

எதிரெதிரே நாற்காலி. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிக்கு ஓர் இலக்கம் படிப்பாள். அவர், அவள் படிக்கும் இலக்கத்தைச் சொல்லக் கூடாது. அதற்கு இரண்டு இடம் முன்னால் அவள் படித்ததைச் சொல்ல வேண்டும். அவள் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போவாள், அவர் இரண்டு இடம் பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் மறுநாள் மூன்று இடம். தவறினால் இறங்கும். காலை ஐந்திலிருந்து ஆறு, மாலை ஏழிலிருந்து எட்டு. ஒரு நாளும் விடக் கூடாது. வரைபடத் தாளில் தேதிக்கு ஒரு புள்ளி.

ஜூன் பதினாலாம் தேதி முதல் புள்ளி. ஒன்று.

முதல் மாதம் அவருக்குத் தலை கனத்தது. காலைப் பயிற்சி முடிந்து சட்டை மாட்டும்போது எந்தப் பொத்தானில் நிறுத்தினோம் என்பது மறந்தது. ஒருநாள் சகுந்தலாவுக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிப்போய் இலக்கங்களைப் படித்தாள். விடச் சொன்னபோது அவள் கேட்கவில்லை. ஜூலை கடைசியில் மூன்று. ஆகஸ்டில் ஒரு வாரம் மூன்றிலேயே நின்றது. பிறகு ஒரு காலையில் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. இலக்கங்களைத் தனித்தனியாக நிற்கவைக்க வேண்டியதில்லை. மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டலாம். ஐந்து, நாலு, பூஜ்யம் என்றால் திருக்கழுக்குன்றம் முதல் பஸ் ஐந்து நாற்பது. ஒன்று, பூஜ்யம், எட்டு என்றால் அலுவலகத்துக்குக் கீழே உள்ள பிள்ளையாருக்குச் சுற்று. தலைக்குள் மூன்று பொட்டலம் நின்றால் ஒன்பது இலக்கம் நின்ற மாதிரி.

புள்ளிகள் மேலே ஏறின. செப்டம்பரில் ஐந்து. அக்டோபரில் ஏழு. மகள் இரண்டு தாள்களை ஒட்டி வரைபடத்தை நீட்ட வேண்டியிருந்தது. அவர் சாப்பிடும்போது அதைச் சுவரில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகுந்தலா இலக்கங்களுக்குப் பதில் செய்தித்தாளை எடுத்துச் சொற்களைப் படித்தாள். விநாடிக்கு ஒரு சொல். அவர் இரண்டாவதிலேயே விழுந்தார். மறுபடியும் படித்தாள். மறுபடியும் இரண்டு. மூன்றாம் முறையும் அதே. அவள் செய்தித்தாளை மடித்துவைத்தாள்.

“இது பழக்கமில்லாததுப்பா,” என்றாள்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. மாலையில் வழக்கம்போல இலக்கங்கள். எட்டு வந்தது. நவம்பர் கடைசியில் ஒன்பது.

அலுவலகத்தில் அவர் லைனை நிறுத்துவது குறைந்தது. காது அங்கங்கே தடுக்கியதுதான். ஆனால் முன்பு தடுக்கியதும் கை கீக்குப் போகும். இப்போது, ஒன்பது நிற்கிற தலை என்ற நினைப்பு கையைப் பிடித்துக்கொண்டது. விட்ட இடத்தைத் தலை தானே எட்டிப் பிடித்துவிடும் என்று நம்பினார். பார்த்தசாரதி முதுகில் தட்டிவிட்டு, டவுன் பஸ் எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டதே என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஜானகிராமன் மகளுக்கு அல்வா வாங்கினார்.

டிசம்பர் இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே மழை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தி இறங்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கும் ஓடைக்குப்பத்துக்கு. கடற்கரைக் குப்பங்களுக்கு வரும் தந்தி அந்த நாளில் இங்கே எடுத்துத்தான் மதிய பஸ்ஸில் பையோடு போகும். அவர் எழுதினார். சொற்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தார். தந்தியின் தலையில் எத்தனை சொல் என்று வந்திருக்கும், எழுதியதும் அத்தனை இருக்க வேண்டும். இருந்தது. கையெழுத்துப் போட்டு அடுத்ததை எடுத்தார்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே ஊரிலிருந்து, அதே முகவரிக்கு, இன்னொரு தந்தி. ‘தணிகைவேல் இம்ப்ரூவிங் நோ ஆங்ஸைட்டி.’ உடம்பு தேறுகிறது, கவலை வேண்டாம். கடைசிச் சொல்வரை எழுதிவிட்டார். பிறகுதான் மேலே முகவரியைப் பார்த்தார்.

நேற்றைய நகல்களின் கட்டை அவிழ்த்தார். அவர் கையெழுத்தில் இருந்தது: ‘ஹஸ்பெண்ட் தணிகைவேல் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ கணவர் தணிகைவேல் இறந்தார், உடனே புறப்படவும்.

கீயைத் தட்டினார். நேற்றைய தந்தியைத் திரும்ப அனுப்பச் சொன்னார். எக்ஸ்பயர்ட் இருந்த இடத்தில் ‘சீரியஸ்’ வந்தது. இன்னொரு முறை கேட்டார். அதே சொல். மூன்றாம் முறையும் கேட்டார்.

காது விட்ட இடத்தைத் தலை எட்டிப் பிடிக்கவில்லை. கை நிரப்பியிருந்தது. கணவர் என்று தொடங்கி உடனே புறப்படவும் என்று முடிகிற தந்திகளில், நடுவில் இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கை அதிகம் எழுதிய சொல் எதுவோ அது. சொற்கணக்கும் இடறவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்.

பையோடு அனுப்பாமல் அவரே கிளம்பினார். பார்த்தசாரதி ஏதோ கேட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். மழையில் லைன் கோளாறு. சொன்னால் யாரும் நம்புவார்கள். மழையில் லைன் கோளாறு ஆவதும் உண்டு.

மாமல்லபுரத்தில் இறங்கி, டீக்கடையில் குப்பத்துக்கு வழி கேட்டார். கிளாசைக் கழுவிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்:

“சாவு வூட்டுக்கா? நேத்திலேந்து ஒரு மரமும் கடல்ல எறங்கல சார். குப்பத்துல ஒர்த்தர் பூட்டா அப்டிதான். வெயில் அடிச்சிகினு கீது, கடல் சும்மா படுத்துகினு கீது, யாரும் போவல.”

மணலில் முக்கால் மணி நடந்தார். நாற்பது கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. வலைகள் உலர்ந்து விறைத்திருந்தன. கருவாடு காயப்போடும் இடத்தில் ஒரு மீன் இல்லை. ஆண்கள் மரங்களின் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுதிய ஒரு சொல்லுக்கு அத்தனை பேரும் வேலைக்குப் போகவில்லை. தன் தவறு எவ்வளவு பெரியது என்பதை அவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து கடக்க வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. தணிகைவேல் வேலைக்குப் போயிருந்த நெல்லூர்ப் பக்கத்துக்கு, உடலைக் கொண்டுவர, அவன் தம்பி முதல்நாள் இரவே ரயில் ஏறியிருந்தான். பந்தலுக்குள் பெண்கள் நடுவில் தணிகைவேலின் மனைவி வச்சலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் வளையல் இருந்தது. பக்கத்தில் அவன் தாய் ஆதியம்மாள். அவனுடைய மாமன் காத்தவராயன் எழுந்து வந்தார்.

தந்தி ஆபீசிலிருந்து வருவதாக ஜானகிராமன் சொன்னார்.

“நேத்து வந்தது பத்தாதா சார்?” என்றார் காத்தவராயன். “இன்னிக்கு இன்னா எழுதிகினு வந்துகீற?”

“தணிகைவேல் உயிரோட இருக்கார். உடம்பு தேறிக்கிட்டு வருது.”

ஆதியம்மாள் மட்டும் தலையைத் தூக்கினாள்.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னார்.

“இன்னொரு தபா.”

சொன்னார். அதற்குள் வச்சலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத வாயில் சத்தம் வரவில்லை. யாரோ சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆதியம்மாள் மருமகளின் தலையை ஒரு கையால் தன் மடியில் அழுத்திக்கொண்டு, அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“அப்ப நேத்து வந்தது?”

“அது தப்பு.”

“யாரு தப்பு?”

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் நாக்குவரை வந்தது.

“என் தப்பும்மா,” என்றார். “அதை எழுதினது நான்தான்.”

காத்தவராயன் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஜானகிராமன் கையைத் தடுக்கவில்லை.

“வுடு அவன,” என்றாள் ஆதியம்மாள். பிறகு அவரிடம்: “வளையல ஒட்ச்சிடலாம்னு நேத்தே சொன்னாங்க எல்லாரும். எம்புள்ள மூஞ்சப் பாக்காம ஒருத்தியும் அவ கைய தொடக் கூடாதுன்னு நான் குந்திகினேன். குந்தாம இருந்தா?”

அவர் கையிலிருந்த தந்தியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“இன்னும் எத்தினி பேருக்கு இப்டி எழுதி வச்சிகீற?”

அவருக்கு எண்ணிக்கை தெரியாது.

அன்று மாலை ஏழு மணிக்கு சகுந்தலா கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்தபோது அவர் வேண்டாம் என்றார். நடந்ததைச் சொன்னார். அவள் எழுந்து போய் வரைபட நோட்டிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தது. இலக்கம் எட்டு, சொல் இரண்டு, இரண்டு, இரண்டு. கீழே அவள் கையெழுத்தில்: ‘தலை வளரவில்லை. இலக்கத்தைக் கட்டும் பழக்கம்தான் வளர்ந்திருக்கிறது. வேலைக்கு உதவாது.’

“அன்னிக்கே தெரியும்ப்பா,” என்றாள். “நீங்க சுவத்தப் பாத்துச் சாப்டுக்கிட்டிருந்தீங்க. சொல்ல வாய் வரல.”

அவர் தாளை இரண்டு முறை படித்தார். அளந்தது சரிதான் என்றார். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, அதைச் சாப்பிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் காலமானபோதும் அந்தத் தாள் நோட்டுக்குள்தான் இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்தார், பழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கடிதம் எழுதினார். ஒன்று, தன்னைக் கீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு, மே மாதத்துக்குப் பிறகு தான் எடுத்த தந்திகள் எல்லாவற்றையும், அனுப்பியவர்கள் எழுதிக்கொடுத்த படிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பார்த்தசாரதி முதல் பத்திக்குத் தலையாட்டினார். இரண்டாவதைப் படித்ததும் கதவைச் சாத்தினார். குப்பத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லை, சொற்கணக்கும் சரி, யாரும் கேட்கப்போவதில்லை என்றார். ஜனவரி அதிகாரியிடம் தானே பேசி, நல்லபடியாக வேறு நாற்காலிக்கு மாற்றிக்கொடுப்பதாகச் சொன்னார்.

“எதுக்குய்யா நீயே உன் கையைக் கடிச்சுக்கறே?”

“ஒரு அம்மா கேட்டுட்டாங்க, எத்தனைன்னு. எனக்குத் தெரியல.”

“தெரிஞ்சா என்ன பண்ணப்போறே?”

“தெரிஞ்சா சொல்லலாம்.”

பார்த்தசாரதி வெகுநேரம் கடிதத்தை மடித்தும் பிரித்தும் வைத்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

அனுப்பிய ஊர்களில் மூன்று மாதப் படிவங்கள்தான் மிச்சம் இருந்தன. அதற்கு முந்தையவை அழிக்கப்பட்டுவிட்டன. ஒவ்வோர் ஊருக்கும் கடிதம் போட்டு, வரவழைத்து, ஒப்பிட ஐந்து வாரம் ஆயிற்று. ஜானகிராமன் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து, இரண்டு படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் போனார். பின்னால் சவுண்டர் அடித்துக்கொண்டே இருந்தது. அவரால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய நாற்காலியில் புதிதாக வந்தவன் நிமிஷத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்தித் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டான். அந்தச் சத்தம் வரும்போது மட்டும் அவர் விரல் கொஞ்சம் நிற்கும்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஓடைக்குப்பத்துக்குப் போனார். தணிகைவேல் வந்துவிட்டிருந்தான். வயிற்றில் தையல் போட்ட தழும்போடு, மரத்தைத் தள்ள மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தான். இவர் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆதியம்மாளுக்குத் தெரிந்தது. சங்கராக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“நாலும்மா,” என்றார். “உங்க வீட்டோடதைச் சேர்க்காம. மூணு மாசத்துக்கு நாலு. அதுக்கு முன்னாடி எத்தனைன்னு தெரிஞ்சுக்க வழியில்ல.”

“எது நாலு?”

“எத்தனை பேருக்கு இப்படி எழுதினேன்னு கேட்டீங்க.”

“நான் கேட்டனா?”

அவளுக்கு நினைவில்லை. அன்று என்னென்ன பேசினோம் என்பதே தெரியாது என்றாள். அவர், மூன்று தந்திகளில் பாதகமில்லை, ரயில் நேரமும் பேரும் மாறிப்போனவை என்று சொன்னார். நாலாவது ஊரப்பாக்கத்துக்கு. வேலைக்கான நேர்முகத் தேர்வு பதினாறாம் தேதி. அவர் பதினெட்டு என்று எழுதியிருந்தார்.

“போய்ப் பாத்தியா?”

போனதாகச் சொன்னார். பையன் பதினெட்டாம் தேதி போய், இடம் போய்விட்டது என்று திரும்பி வந்திருந்தான். இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆதியம்மாள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அதுக்கப்புறமுமா இங்க வந்த?”

“கேட்டீங்களே.”

அவள் கருவாட்டுப் பாயில் ஓர் ஓரத்தை ஒதுக்கிவிட்டு, வெயிலில் நிற்காமல் உட்காரச் சொன்னாள்.